கிட்டாரின் கறுப்பு விரற்பலகை

கிட்டார் வாசிப்பைக் கேட்க வருகிறவர்களுக்கு அதன் வயிறுதான் கண்ணில் படும். வளைந்த இடை, நடுவே வட்டத் துளை, முகம் தெரியும்படியான மெருகு, இவைதாம் படங்களிலும் இடம் பெறுகின்றன. வாசிக்கிறவருக்கோ அவ்வாத்தியத்தின் ஜீவன் கழுத்தில் இருக்கிறது. அவருடைய இடது கை ஓயாமல் பழகுவது அதனோடுதான். கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தைத் தாங்க, மற்ற நான்கு விரல்களும் முன்புறத்தில் தந்தியை அமுக்கி ஸ்வரங்களைப் பிறப்பிக்கின்றன. முன்புறத்திலே கழுத்தின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பலகையை விரற்பலகை என்று சொல்வோம். அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை. வீணையில் மெட்டு என்று வழங்குகிறோமே, அந்தப் பெயரே இங்கும் பொருந்தும். இந்தக் கழுத்துக்கும் விரற்பலகைக்கும் நிறமேற்றும் தொழிலைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

இதிலே பேச என்ன இருக்கிறது, ஒரு டப்பா பெயிண்டும் ஒரு தூரிகையும் இருந்தால் அரை மணி நேர வேலைதானே என்று தோன்றலாம். அப்படி எண்ணித் தொடங்கியவர்கள் அநேகர். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கிட்டாரைப் புதுப்பிக்கவேண்டும் என்ற ஆசையினால் விரற்பலகைக்குப் பளபளப்பான கறுப்புப் பெயிண்டை அடித்துவிடுகிறார்கள். சில நாள் வரையில் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். பிறகு, மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே விரல் படுகிற இடங்களில் பெயிண்ட் உரிந்து திட்டுத் திட்டாக வெளுக்கும். உரிந்த துகள் தந்தியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம், குறைந்த விலைக்குப் புதுக் கிட்டார் வாங்கும் மாணவர்களிற் சிலர், வாசிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே தங்கள் விரல் நுனிகள் கறுத்துப்போவதைக் கண்டு திகைக்கிறார்கள். சாயத்தை ஊறவிடாமலும், மிச்சத்தைத் துடைத்தெடுக்காமலும் அவசர அவசரமாகப் பூசி அனுப்பியதன் விளைவு அது. சாயம் கையில் ஒட்டும்போது வாத்தியத்தின்மேல் இருந்த நம்பிக்கையும் சிறிது போய்விடுகிறது.

இவை சிறு தொல்லைகள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவற்றின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. விரற்பலகை ஏன் கறுப்பாக இருக்கவேண்டும்? வெளுத்த மரத்தை இவ்வளவு சிரமப்பட்டுக் கறுப்பாக்குவானேன்?

இதற்கு விடை கிட்டாரிடம் மட்டும் இல்லை. வயலினை எண்ணிப் பாருங்கள். அதிலே மெட்டுக் கிடையாது. விரல் தந்தியை நேராகப் பலகையின்மேலேயே வைத்து அமுக்குகிறது. மிருதுவான மரமாக இருந்தால் சில மாதங்களில் தந்தி அதில் வாய்க்கால் வெட்டிவிடும். ஆகவே மிகக் கடினமான மரம் வேண்டியதாயிற்று. ஐரோப்பியர் அதற்குத் தேர்ந்தது கருங்காலி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் நல்ல கருங்காலியின் வயிரம் மையைப் போலக் கறுத்திருக்கும். தண்ணீரிலே இட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். அவ்வளவு அடர்த்தி. உயர்ந்த கிட்டார்களும் இந்த வழக்கத்தையே பின்பற்றின. ஸ்பானிய முறைப்படி செய்த கிட்டாரில் கழுத்து இலேசான மரத்தாலும், அதன்மேல் ஒட்டும் விரற்பலகை கருங்காலியாலும் அமைவது மரபாயிற்று. நாளடைவிலே கறுப்பு நிறமே உயர்வின் அடையாளமாகிவிட்டது. கடினத்துக்காகத் தேடிய மரத்தை நிறத்துக்காக மதிக்கத் தொடங்கினார்கள்.

கருங்காலி என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஒரு பழியும் உண்டு. கோடரிக்குக் காம்பாக நின்று தன் இனத்தையே வெட்ட உதவுகிறது என்று, துரோகிக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் அதே மரத்தின் பெயரால் மணிமாலை அணியும் வழக்கம் பரவியபோது, சாயமேற்றிய வேறு மரத்து மணிகளும் சந்தையில் புகுந்துவிட்டன என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். கிட்டார் உலகில் நெடுங்காலமாக நடந்துவருவதும் ஏறக்குறைய இதுதான்.

கருங்காலிக்கு அடுத்த இடம் ஈட்டி மரத்துக்கு. தோதகத்தி என்றும் அதனைச் சொல்வார்கள். மலையாளத்தில் வீட்டி, கன்னடத்தில் பீட்டெ. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் விளைவது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அதன் நிறமும், இயல்பாகவே எண்ணெய்ப் பசை கொண்ட அதன் தன்மையும் விரற்பலகைக்கு மிகவும் ஏற்றவை. முன்பெல்லாம் அமெரிக்காவின் புகழ்பெற்ற கிட்டார்களுக்குப் பிரேசில் நாட்டு ஈட்டியே பெரிதும் பயன்பட்டது. அது அருகியபோது உலகம் நம் காட்டின் பக்கம் திரும்பிற்று. மார்ட்டின் என்னும் பழைய அமெரிக்க நிறுவனம் பிரேசில் மரத்தைக் கைவிட்டு இந்திய ஈட்டிக்கு மாறிய ஆண்டு 1969. நீலகிரியிலும் குடகிலும் வயநாட்டிலும் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றி, அந்த இடங்களைப் படத்திலும் பார்த்திராத வாத்தியக்காரர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.

பேச்சோடு நின்றால் நன்று. பிரேசில் ஈட்டியின் வாணிகம் 1992-ல் பன்னாட்டு உடன்படிக்கையால் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கப்பட்டது. பின்னர் 2016-ல் ஜோஹனஸ்பர்க் நகரில் கூடிய மகாநாட்டில் ஈட்டி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி 2-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அதன்பின், ஒரு கிட்டாரை நாடு விட்டு நாடு விற்க வேண்டுமானாலும் அத்தாட்சிப் பத்திரம் தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. வாத்தியத் தொழிலாளரும் வித்வான்களும் முறையிட்டதன் பேரில், 2019-ல் ஜெனீவாவில் நடந்த மகாநாடு, பிரேசில் ஈட்டியை மட்டும் நீக்கி, செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்தது. மரத்துக்குக் கட்டுப்பாடு நீடித்தது.

நம் நாட்டு மரம் தொடர்பாக இன்னொரு வழக்கும் எழுந்தது. 2011 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க அரசின் அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்குள் புகுந்து சோதனையிட்டார்கள். அவர்கள் கைப்பற்றியவற்றில், இந்தியாவிலிருந்து விரற்பலகைக்கென்று அறுத்து அனுப்பப்பட்ட ஈட்டித் துண்டுகளும் கருங்காலித் துண்டுகளும் இருந்தன. பிற நாட்டுச் சட்டத்துக்கு மாறாக வந்த மரத்தை வாங்குவதும் குற்றம் என்பது அமெரிக்காவின் லேசி சட்டம். முற்றும் வேலை முடியாத அறுத்த மரத்தை இந்தியாவிலிருந்து அனுப்பலாமா, அனுப்பப்பட்டது பலகையா அல்லது வாத்தியத்தின் உறுப்பா என்பதே பிரச்சினை. 2012-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மடகாஸ்கர் நாட்டுக் கருங்காலியைப் பற்றிய முந்தைய புகாருக்காக அந்நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவாக இல்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரை விரற்கடை கனமுள்ள ஒரு மரத்துண்டுக்காக இரண்டு நாடுகளின் சட்டப் புத்தகங்களைப் புரட்டவேண்டி வந்தது.

கறுப்பின்மேல் உள்ள மோகம் எவ்வளவு நாசம் விளைவிக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி உண்டு. கேமரூன் நாட்டின் தலைநகரான யாவுண்டேயில் கருங்காலி அறுக்கும் ஆலை ஒன்றை, 2011-ல் டெய்லர் என்னும் அமெரிக்கக் கிட்டார் நிறுவனம் ஸ்பெயின் நாட்டு மரவணிகர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து வாங்கிற்று. அதன் தலைவரான பாப் டெய்லர் அங்கே மரம் வெட்டுகிறவர்களிடம் விசாரித்தபோது தெரியவந்ததாகச் சொன்னது இது: பத்து மரங்களை வெட்டினால் ஒன்றுதான் உள்ளே முழுக் கறுப்பாக இருக்கும், மற்றவற்றில் பழுப்பு வரிகள் ஓடியிருக்கும். வெட்டிப் பார்க்காமல் அதைக் கண்டறிய வழியில்லை. வரியோடிய மரத்தைச் சந்தையில் வாங்குவாரில்லாததால் அதை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த மரத்தைத் தேடிப் போவார்களாம். கடினத்திலும் நாதத்திலும் அந்த வரியோடிய மரம் எவ்விதத்திலும் குறைந்ததன்று. குறை நிறத்தில் மட்டுமே. அதுமுதல் டெய்லர் தம் கிட்டார்களில் வரியோடிய கருங்காலியையும் பயன்படுத்தலானார். ஒரு பலகைக்காக ஒன்பது மரங்களைக் காட்டில் அழுக விட்டிருக்கிறார்கள் என்பது கேட்கவே சங்கடமான செய்தி.

ஆகவே வெளுத்த மரத்துக்கும் வரியோடிய மரத்துக்கும் சாயமேற்றுவதை இழிவான காரியம் என்று நான் கருதவில்லை. அதைச் சாயமேற்றியது என்று சொல்லி விற்பதே போதும். கருங்காலி என்று சொல்லி விற்பதுதான் குற்றம். சாயம் என்பது வேறு, பெயிண்ட் என்பது வேறு என்பதையும் மனத்தில் இருத்தவேண்டும். சாயம் மரத்தின் நாருக்குள்ளே இறங்கி அதன் நிறத்தை மாற்றுகிறது. மேற்பரப்பு மரமாகவே இருக்கிறது. பெயிண்ட் மரத்தின்மேல் ஒரு தோலாகப் படிகிறது. கிட்டாரின் மெட்டு விரற்பலகைக்கு மேலே எழும்பி நிற்கும் உயரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். இரண்டு மூன்று பூச்சுப் பெயிண்ட் அந்தச் சிறு உயரத்திலே ஒரு பங்கைத் தின்றுவிடும். மெட்டின் அடியிலே குவிந்து காய்ந்த பெயிண்ட் விரலை உறுத்தும். அதைச் சுரண்டி எடுக்கப் போனால் மரமும் சேர்ந்து வரும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது நம் நாட்டுக்கு மிகவும் உரிய விலக்கு. கிட்டார் இந்தியாவில் வேரூன்றியது பெருமளவுக்கு ஹவாயன் கிட்டார் வழியாகத்தான். ஹவாய்த் தீவில் வளர்ந்தவரான டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். வங்காளத்திலே பாட்டுகளை அந்த வாத்தியத்தில் வாசிக்கும் வழக்கம் இல்லந்தோறும் பரவிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதனை ராகம் வாசிக்கும் வாத்தியமாக உயர்த்தினார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவருடன் அவர் சேர்ந்து அளித்த இசைத்தட்டு இன்றும் கேட்கப்படுகிறது. விசுவ மோகன் பட் அதே வழியில் மோகன வீணையை அமைத்தார். இவ்வகை வாத்தியத்தில் தந்தியைப் பலகையை விட்டு உயரத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். உருக்குத் தண்டு ஒன்று தந்தியின்மேல் வழுக்கிச் செல்கிறது. பலகையை விரல் தொடுவதேயில்லை. மெட்டுகள் அங்கே வெறும் எல்லைக்கற்கள். அதற்குப் பெயிண்ட் அடித்தாலும், கோலம் வரைந்தாலும், யாதொரு தீங்கும் நேராது. விரலால் அமுக்கி வாசிக்கும் கிட்டாரின் நிலை அப்படியல்ல.

கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் வாசிப்பவர்களுக்கோ விரற்பலகையின்மேல் இன்னும் அதிக உரசல். ஆர். பிரசன்னா போன்றோர் மின்கிட்டாரில் கமகம் பிடிப்பதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். விரல் தந்தியோடு சேர்ந்து நீளவாட்டில் வழுக்குகிறது, குறுக்கே இழுக்கிறது. அந்த உரசலுக்குப் பெயிண்ட் தாங்காது. வீணையில் இந்தத் தொல்லை இல்லாதபடி நம் முன்னோர் வேறொரு வழி கண்டார்கள். கரி சேர்த்த கறுப்பு மெழுகை மேடாக அமைத்து அதிலே மெட்டுகளைப் பதித்து, இடையிலே பள்ளமாகக் குடைந்துவிட்டார்கள். தந்தியை இழுக்கும் விரலுக்கு அடியில் உரசுவதற்கு ஒன்றுமே இல்லை. வீணை பயின்றவரான ஜான் மக்லாலின், 1970-களில் சக்தி குழுவில் வாசித்த கிட்டாரில், விரற்பலகையை மெட்டுக்கு மெட்டு இதே போலக் குடைந்து வைத்துக்கொண்டார்.

வெளுத்த மரத்தை வெளுப்பாகவே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு பழைய அனுபவம் விடை சொல்லும். 1950-ல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட மின்கிட்டாரில் கழுத்து முழுவதும் மேப்பிள் என்னும் வெளிர்மரம். தனியான விரற்பலகை கிடையாது. கழுத்திலேயே மெட்டைப் பதித்து மேலே தெளிந்த மெருகு பூசினார்கள். புதிதாக இருக்கும்போது சந்தனம் போல் மின்னும். மெருகு தேய்ந்த இடத்தில் வேர்வையும் அழுக்கும் ஊறிச் சாம்பல் நிறம் படர்ந்துவிடும். 1958-ல் வந்த அவர்களுடைய புதிய கிட்டாரில் ஈட்டி மர விரற்பலகையை ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு மற்றவற்றிலும் அது வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாம்பல் படர்ந்த பழைய கழுத்துகளுக்கு இன்று கிராக்கி ஏற்பட்டு, புதுக் கழுத்தை வேண்டுமென்றே தேய்த்து அழுக்காக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். மனிதர்களுடைய ரசனைக்குக் காரணம் கேட்பதில் பயனில்லை.

இனித் தொழில்முறைக்கு வருவோம். மரத்தைக் கறுப்பாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோலுக்கு ஏற்றுகிற சாராயச் சாயத்தைத் துணியால் தேய்த்து ஊறவிடுவது. பழுது பார்ப்பவர்கள் அநேகமாக இதையே செய்கிறார்கள், விரைவில் உலரும். மற்றொன்று, சாயமே இல்லாமல் மரத்தினுள்ளேயே கறுப்பைப் பிறப்பிப்பது. எனக்கு இரண்டாவதன்மேல் விருப்பம் அதிகம். ஏனெனில் அது நம் நாட்டுக் கைத்தொழில்களுக்கு மிகப் பழகிய இரசாயனம். காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுகிறவர்கள் துணியை முதலிலே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்த கரைசலைத் தொட்டுக் கோடு இழுப்பார்கள். எழுதும்போது மங்கலாகத் தெரிகிற கோடு சிறிது நேரத்தில் கன்னங்கறேலென்று ஆகிவிடும். கடுக்காயிலே உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்புச் சத்தும் சேர்ந்து, காற்றுப் பட்டவுடன் கறுப்பாகின்றன. பழைய நாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே தத்துவந்தான்.

மரத்துக்கும் இதே முறை செல்லும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய மெல்லிய இரும்பு நாரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, அது மூழ்கும்படி வினிகர் ஊற்றிச் சில நாள் வைத்திருந்தால் இரும்பு கரையும். பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. உள்ளே எளிதில் தீப்பற்றும் வாயு எழும்பும். மூடியைத் தளர்த்தி, அடுப்படிக்கு வெகு தூரத்தில் வைக்கவேண்டும். பிறகு துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். மேப்பிள் போன்ற வெளிர்மரங்களில் துவர்ப்புச் சத்துக் குறைவு. ஆகையால் முதலில் கடுக்காய்க் கஷாயத்தையோ மிகக் கடுமையான தேயிலைச் சாற்றையோ பூசி உலர்த்தி, அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசவேண்டும். முதலில் சாம்பல் நிறம் தோன்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். ஒருமுறை போதாவிட்டால் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யலாம். ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் இது சரியாக இறங்காது. அதற்கு நிறம் தேவையும் இல்லை. வெளுத்த ஈட்டிக்குச் சிறிது எண்ணெய் தடவினாலே நிறம் திரும்பிவிடும்.

நேராகக் கிட்டாரில் கை வைப்பதற்கு முன் அதே வகை மரத்துண்டு ஒன்றில் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம். கிட்டாரில் தொடங்கும்போது தந்திகளை நீக்கி, உடலின்மேல் துணியைப் போர்த்தவேண்டும். விரற்பலகையில் பழைய பெயிண்டோ மெருகோ இருந்தால் ஒரு துளியும் மிச்சமில்லாமல் எடுத்துவிடவேண்டும். சாயம் மெருகைக் கடந்து உள்ளே போகாது. மெட்டு ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்துக்கொள்ளவேண்டும். வினிகர் உலோகத்தை மங்கச் செய்யும். உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது தெரியாமல் இருந்து, சாயம் பட்டவுடன் காட்டிக்கொடுக்கும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது கட்டாயம். ஈட்டித் தூளும் கருங்காலித் தூளும் சிலருக்குத் தோலிலே அரிப்பையும் மூச்சிலே தொல்லையையும் உண்டாக்கும். அதன்பின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் சிலிர்த்துக்கொள்ளும். உலர்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் மீண்டும் ஒருமுறை தடவவேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தவர்களுடைய பலகை, சாயமிட்ட பிறகு பூனை நாக்குப்போல் சொரசொரப்பாக இருக்கும்.

விரற்பலகையில் 3, 5, 7, 9, 12-ஆம் இடங்களில் வைத்திருக்கும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிப்பிப் புள்ளியில் சாயம் ஏறாது, துடைத்தால் போய்விடும். எலும்பினால் ஆனதாக இருந்தால் உறிஞ்சிக்கொண்டு கறுத்துவிடும். முன்னதாகவே மறைத்துவிட வேண்டும். பக்கவாட்டிலே வெள்ளை விளிம்பு ஒட்டிய கிட்டாருக்கும் இதே எச்சரிக்கை.

சாயம் ஏறிய பலகையை ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்கவேண்டும். துணியில் கறுப்பு ஒட்டும் வரையில் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மாணவனுடைய விரலில் ஒட்டவேண்டியது இந்தத் துணியிலேயே ஒட்டிப் போகட்டும். பின்னர் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, சிறிது நேரம் சென்றதும் மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு ஆகா. அவை உலர்வதேயில்லை, தூசியைக் கூட்டிச் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும் இயல்புடையது. அந்த இயல்பிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது. உலரும்போது அது சூடேறும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிச் சுருட்டி மூலையில் எறிந்தால், யாரும் நெருப்பு வைக்காமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியில் உலர்த்தவேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும். பட்டறைகள் எரிந்துபோக இது காரணமாவதுண்டு.

கழுத்தின் பின்புறத்துக்கு விதி வேறு. அங்கே தந்தியோ மெட்டோ இல்லை; விரும்பிய வர்ணத்தைப் பூசலாம். தடித்த பளபளப்பான பூச்சு மட்டும் வேண்டாம். நம் நாட்டு வெப்பத்தில் கை வேர்க்கும்போது அது பிசுக்கென்று பிடித்துக்கொண்டு கட்டைவிரலை நகரவிடாது. கடற்கரை நகரங்களில் வாசிப்பவர்கள் இதை நன்றாக உணர்வார்கள். மெல்லிய பூச்சு, மேலே மங்கலான மெருகு, இதுவே சுகம். பளபளப்பாக ஏற்கெனவே பூசிவிட்டிருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் தணித்துவிட்டாலும் போதும்.

பின்புறத்துப் பெயிண்ட் சில வேளைகளில் வேறு காரியத்துக்கும் பயன்படுகிறது. தலைப்பகுதியைத் தனியாக வெட்டி ஒட்டிய கழுத்துகள் உண்டு. அது நல்ல முறையே, பிழையன்று. ஆனால் ஒட்டுச் சரியில்லாத கழுத்தையும், முடிச்சு விழுந்த மரத்தையும், விரிசலையும் கூட ஒரே கறுப்புப் பூச்சு மறைத்துவிடும். கழுத்து முழுவதும் கனத்த பெயிண்டில் மூழ்கியிருக்கும் மலிவான கிட்டாரைக் கண்டால், தலை திரும்பும் இடத்திலே கோணலாக ஒரு மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தந்தியின் இழுவை அந்த இடத்தில்தான் மிகுதி. விரற்பலகை கருங்காலி என்று சொன்னால், வட்டத் துளைக்கு அருகே அது முடியும் ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே மரத்தின் குறுக்குவெட்டு தெரியும். கறுப்புக்கு அடியிலே வெளிர்நிறம் எட்டிப் பார்த்தால் சாயமேற்றியது என்று அறியலாம். கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதே ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. துணி கறுத்தாலும் அந்தக் கிட்டாரை வாங்கலாம், தவறில்லை. கருங்காலியின் விலையைக் கொடுக்கவேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தந்தியைக் கழற்றி, மேலே சொன்னபடி பலகையை ஒருமுறை அழுத்தித் துடைத்து எண்ணெய் காட்டி உலரவிட்ட பிறகு வாசிக்கத் தொடங்குங்கள்.